சிம்மை கழற்றி வீசினாலும் காட்டிக்கொடுக்கும் 15 இலக்க நம்பர்! தொலைந்த செல்போனை மீட்பது எப்படி?

வேங்கிக்கால்:

பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலை கிரிவலப்பாதை 14 கிலோ மீட்டரும் மனித தலைகள்தான். கார்த்திகை தீபம், சித்ரா பவுர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். வேங்கிக்கால் வழியாக வரும் வேலூர் ரோடு பஸ்கள் எல்லாம் நிற்கக்கூட இடமில்லாமல் நிரம்பி வழியும்.

இப்படி கூட்டம் கூடும் இடத்தில் பக்தரோடு பக்தராக ஜேப்படி ஆசாமியும் கலந்துவிடுவது எந்த ஊர் திருவிழாவிலும் நடப்பதுதான். முன்பெல்லாம் அவர்கள் கண் பர்ஸ் மீதும், கழுத்து செயின் மீதும் இருந்தது. இப்போது சட்டை பையில் எட்டிப்பார்க்கும் செல்போன் மீது விழுந்திருக்கிறது.

போன் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா? இன்றைக்கு செல்போன் என்பது வெறும் பேசுகிற கருவி அல்ல. சம்பளம் வந்த மெசேஜ் அதில், ஜி-பே அதில், ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. அதில். கேஸ் சிலிண்டர் பதிவு முதல் பிள்ளையின் ஸ்கூல் வாட்ஸ்-அப் குரூப் வரை எல்லாமே அதற்குள்தான்.

"சுவிட்ச் ஆப்னு வருதே அக்கா..."

உதாரணத்துக்கு, கிரிவலப்பாதையில் இளநீர் விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடிய விடிய வியாபாரம். ஸ்கேன் பண்ணி காசு போடுகிறவர்கள்தான் பாதிப்பேர். விடிகாலை 4 மணிக்கு கூட்ட நெரிசலில் பார்த்தால் வண்டி மீது வைத்த போனை காணோம். பக்கத்து கடைக்கார பையன் அந்த நம்பருக்கு போட்டுப் பார்க்கிறான். "அக்கா, சுவிட்ச் ஆப்னு வருதே..." என்கிறான்.

போன் விலை 12 ஆயிரம் ரூபாய். இன்னும் 5 மாத தவணை பாக்கி. ராத்திரி வியாபார காசு முழுவதும் பேங்க் அக்கவுண்டில். இறந்துபோன அப்பாவின் கடைசி போட்டோவும் அந்த போனில்தான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் இரண்டு தப்பு செய்கிறார்கள். ஒன்று, "போனது போனதுதான், யார் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு, உடனே புது போனை வாங்கி வேலையை பார்க்க போய்விடுகிறார்கள்.

ஆனால் திருடன் சிம்மை உடைத்து சாக்கடையில் வீசினாலும், போனுக்குள் அவன் கழற்ற முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் 15 இலக்கம் கொண்ட ஐ.எம்.இ.ஐ. நம்பர்.

போனுக்கு போட்ட 'சேசிஸ் நம்பர்'

மோட்டார் சைக்கிளுக்கு நம்பர் பிளேட்டை மாற்றிவிடலாம். ஆனால் சேசிஸில் குத்திய நம்பர் அப்படியே இருக்கும். செல்போனில் சிம் என்பது நம்பர் பிளேட் மாதிரி. ஐ.எம்.இ.ஐ. என்பது சேசிஸ் நம்பர் மாதிரி. உலகத்தில் ஒரு போனுக்கு உள்ள நம்பர் இன்னொரு போனுக்கு இருக்கக்கூடாது என்பது விதி.

இந்த 15 இலக்கத்தில் முதல் 8 இலக்கங்கள் அது எந்த கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6 இலக்கங்கள் அந்த ஒரு போனுக்கு மட்டுமே உரிய வரிசை எண். கடைசி இலக்கம், முன்னால் உள்ள 14-ம் சரியாக இருக்கிறதா என்று கணக்கு பார்ப்பதற்கு. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு ஐ.எம்.இ.ஐ. நம்பர் இருக்கும்.

போனை ஆன் செய்து சிம் போட்டதும், அது பக்கத்து டவரோடு பேசுகிறது. "இந்த சிம், இந்த ஐ.எம்.இ.ஐ. போனில் இருக்கிறது" என்ற தகவல் அப்போதே செல்போன் கம்பெனிக்கு போய்விடும். போனை வைத்திருப்பவர் எந்த பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை. வேறு சிம் போட்டாலும் ஐ.எம்.இ.ஐ. மட்டும் பழையதுதான். திருடன் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

இதில் ஒரு நல்ல சேதி. இதற்கு ஸ்மார்ட் போன்தான் வேண்டும் என்று இல்லை. ஆயிரம் ரூபாய் பட்டன் போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. உண்டு.

எஸ்.எம்.எஸ். அனுப்பிய காலம்

தொலைந்த போனை கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் நேற்று முளைத்தது அல்ல. 2000-களின் பிற்பகுதியிலேயே சாம்சங் போன்களில் 'மொபைல் டிராக்கர்' என்ற வசதி வந்தது. போனில் யாராவது வேறு சிம் போட்டால், உரிமையாளர் ஏற்கனவே பதிந்து வைத்திருக்கும் நம்பருக்கு அந்த புது சிம்மில் இருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். போய்விடும். திருடனின் நம்பரை திருடன் காசிலேயே தெரிந்துகொள்ளலாம்!

அப்போது சந்தையில் ஐ.எம்.இ.ஐ. நம்பரே இல்லாத மலிவு விலை போன்கள் ஏராளம். யார் பேசினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாத இந்த போன்களால் நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று மத்திய அரசு முடிவு செய்தது. 2009-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதியோடு இந்த போன்களின் இணைப்பை துண்டிக்க செல்போன் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது.

அதே 2009-ல்தான் ஆப்பிள் கம்பெனி தனது ஐ-போனை மேப்பில் தேடிப் பார்க்கும் வசதியை கொண்டுவந்தது. ஆண்டிராய்டு போன்களுக்கு கூகுள் 2013-ல் இதை கொடுத்தது. கூகுளின் வசதிக்கு 2025 மே மாதத்தில் இருந்து 'பைண்ட் ஹப்' என்று பெயர்.

திருடனுக்கு போட்ட பூட்டு

தேடிப் பார்ப்பது ஒரு பக்கம். திருடினாலும் பயன்படுத்த முடியாமல் செய்வது இன்னொரு பக்கம். ஐ-போனில் 2013-ல் இந்த பூட்டு வந்தது. ஆண்டிராய்டு போன்களில் 2015-ல் வந்தது. போனை மொத்தமாக அழித்து புதுசு போல ஆக்கினாலும், திரும்ப ஆன் செய்யும்போது பழைய உரிமையாளரின் கணக்கை கேட்கும். அது இல்லாமல் உள்ளே போக முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு படி மேலே போனது. 2015 ஜூலை 1-ந் தேதிக்கு பிறகு அங்கே விற்கும் ஸ்மார்ட் போன்களில் இந்த மாதிரி பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. திருடிய போன் வெறும் செங்கல்லாகிவிட்டால் எதற்கு திருடப்போகிறான் என்பதுதான் கணக்கு.

ஆனால் திருடர்களும் சும்மா இருக்கவில்லை. பூட்டிய போனை பிரித்து டிஸ்பிளே, பேட்டரி, கேமரா என்று தனித்தனியாக விற்கிறார்கள். இல்லையென்றால் நாடு விட்டு நாடு கடத்துகிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்ததே இதற்கு சாட்சி. 2024 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் ஒருவர் தன்னுடைய திருடு போன ஐ-போனை மேப்பில் தேடியிருக்கிறார். லண்டன் விமான நிலையம் அருகே உள்ள ஒரு கிடங்கில் இருப்பதாக காட்டியது. போய் பார்த்தால், ஹாங்காங் போக தயாராக இருந்த பெட்டிக்குள் ஏறத்தாழ 900 போன்கள்! அந்த நூலை பிடித்துக்கொண்டு போன லண்டன் போலீசார், ஒரே ஆண்டில் 40 ஆயிரம் போன்கள் வரை சீனாவுக்கு கடத்தியதாக சந்தேகிக்கப்படும் கும்பலை பிடித்ததாக 2025 அக்டோபரில் அறிவித்தனர். ஒருவர் விடாமல் தேடியதில் ஒரு கும்பலே சிக்கியது.

நாடு முழுக்க ஒரே பதிவேடு

இந்தியாவில் முன்பு இருந்த சிக்கல் இதுதான். போலீசார் ஐ.எம்.இ.ஐ. நம்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செல்போன் கம்பெனிக்கும் தனித்தனியாக எழுதி கேட்க வேண்டும். ஒரு கம்பெனி தடை செய்தாலும் இன்னொரு கம்பெனி சிம் போட்டால் போன் வேலை செய்யும். திருவண்ணாமலையில் தொலைந்த போன் ஆந்திராவிலோ, கர்நாடகத்திலோ ஆன் ஆனால் யாருக்கும் தெரியாது.

இதற்கு முடிவு கட்டத்தான் மத்திய தொலைத்தொடர்பு துறை சி.இ.ஐ.ஆர். என்ற பதிவேட்டை கொண்டுவந்தது. 'மத்திய கருவி அடையாள பதிவேடு' என்று தமிழில் சொல்லலாம். எல்லா செல்போன் கம்பெனிகளையும் ஒரே இடத்தில் இணைக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு இது. மத்திய அரசின் சி-டாட் நிறுவனம் உருவாக்கியது.

2019 செப்டம்பரில் மும்பையில் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லிக்கு வந்தது. 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' என்ற வெப்சைட் மூலம் நாடு முழுக்க பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. 2025 ஜனவரியில் செல்போன் ஆப்பாகவும் வந்துவிட்டது. இதற்கு கட்டணம் எதுவும் கிடையாது.

இதில் தொலைந்த போனின் ஐ.எம்.இ.ஐ. நம்பரை பதிந்தால், 24 மணி நேரத்துக்குள் எல்லா கம்பெனி நெட்வொர்க்கிலும் அந்த போன் பிளாக் செய்யப்படும். அதற்கு பிறகு இந்தியாவில் எந்த சிம் போட்டாலும் பேச முடியாது. ஆனால் யாராவது சிம் போட்டு முயற்சி செய்தால், எந்த நம்பர் போடப்பட்டது என்ற தகவல் போலீசாருக்கு போய்விடும். அந்த நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, போலீசார் அவரை கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இப்படி மீட்ட போன்களை தமிழகத்தின் பல மாவட்டங்களில் போலீஸ் சூப்பிரண்டுகளே உரியவர்களை வரவழைத்து கையில் கொடுக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அந்த போலீஸ் சூப்பிரண்டு அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில்தான்.

தொலைந்த முதல் 1 மணி நேரம்

சரி, அந்த இளநீர் கடைக்கார பெண் அதிகாலை 4 மணிக்கு என்ன செய்ய வேண்டும்? வரிசையாக பார்ப்போம்.

முதல் வேலை, தேடுவது. சுவிட்ச் ஆப் ஆகாமல் ரிங் போனால் இன்னும் நல்லது. நம்பிக்கையானவர் போனை வாங்கி கூகுளின் 'பைண்ட் ஹப்' பக்கத்துக்கு போய் தன்னுடைய ஜி-மெயில் கணக்கில் நுழைய வேண்டும். போன் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டும். போன் சைலண்ட்டில் இருந்தாலும் 5 நிமிடம் சத்தமாக ரிங் அடிக்க வைக்கலாம். போனை பூட்டி, "இந்த நம்பருக்கு கூப்பிடுங்கள்" என்று ஸ்கிரீனில் எழுத்து வர வைக்கலாம். ஐ-போன் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் கணக்கு மூலம் இதையே செய்யலாம்.

முக்கியமாக கவனிக்க வேண்டியது: போனில் உள்ளதை அழிக்கும் வசதியும் அதில் உண்டு. அவசரப்பட்டு அதை அழுத்தக்கூடாது. அழித்துவிட்டால் அதன் பிறகு போன் எங்கே இருக்கிறது என்று அந்த மேப்பில் பார்க்க முடியாது. அதை கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை, பணத்தை காப்பாற்றுவது. பேங்க் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு யு.பி.ஐ., ஏ.டி.எம். கார்டு இரண்டையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். சிம் கம்பெனிக்கு போன் போட்டு சிம்மை பிளாக் செய்ய வேண்டும். போனை விட சிம்தான் ஆபத்து. அதை எடுத்து வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்கு வரும்.

அக்கவுண்டில் இருந்து பணம் எடுத்துவிட்டதாக தெரிந்தால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்கு பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, போலீஸ் ஸ்டேஷன். எங்கே தொலைந்தது, எத்தனை மணிக்கு, என்ன மாடல், ஐ.எம்.இ.ஐ. நம்பர், போனில் இருந்த சிம் நம்பர் எல்லாம் எழுதி புகார் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். "சும்மா சொல்லிட்டு வந்தேன்" என்றால் பிரயோஜனம் இல்லை. சி.எஸ்.ஆர். ரசீதோ, எப்.ஐ.ஆர். நகலோ கையில் இருக்க வேண்டும்.

கிரிவலம் வந்த இடத்தில் போனை பறிகொடுத்துவிட்டு சென்னைக்கோ, பெங்களூருக்கோ பஸ் ஏறிவிட்டவர்கள் என்ன செய்வது? 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறை சட்டப்படி, திருட்டு போன்ற குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதை 'ஜீரோ எப்.ஐ.ஆர்.' என்கிறார்கள். அதை சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

பிளாக் செய்வது எப்படி?

நான்காவது, அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும். இது எதற்கு என்றால், சஞ்சார் சாத்தியில் பதியும்போது ஓ.டி.பி. வரும். புதிதாக கொடுத்த சிம்மில் எஸ்.எம்.எஸ். வருவதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் "ஓ.டி.பி. வரலையே" என்று பதற வேண்டாம். மறுநாள் முயற்சி செய்தால் போதும்.

ஐந்தாவது, சஞ்சார் சாத்தி டாட் கவ் டாட் இன் என்ற வெப்சைட்டுக்கு போக வேண்டும். சஞ்சார் சாத்தி ஆப்பிலும் செய்யலாம். அதில் தொலைந்த போனை பிளாக் செய்வதற்கு ஒரு பக்கம் இருக்கும். போன் நம்பர், இரண்டு ஐ.எம்.இ.ஐ. நம்பர், கம்பெனி, மாடல், தொலைந்த இடம், தேதி, போலீஸ் ஸ்டேஷன், புகார் எண் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். புகார் நகல், போன் வாங்கிய பில், அடையாள அட்டை ஆகியவற்றின் போட்டோவை ஏற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கோரிக்கை எண் கொடுப்பார்கள். அதை பத்திரமாக எழுதி வைக்க வேண்டும். புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும், போன் கிடைத்த பிறகு பிளாக்கை எடுக்கவும் அந்த எண்தான் சாவி. கிடைத்த போனை பிளாக் எடுக்காமல் பயன்படுத்த முடியாது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. போலீஸ் மூலமாகவும் இதில் பதிய முடியும். புகார் கொடுக்கும்போதே "சி.இ.ஐ.ஆரில் ஏற்றிவிடுங்க சார்" என்று கேட்டு வாங்க வேண்டியது புகார்தாரர் பொறுப்பு.

கண்டுபிடித்தது 26 லட்சம்... கைக்கு வந்தது 7 லட்சம்!

இவ்வளவும் செய்தால் போன் நிச்சயம் கிடைத்துவிடுமா? உண்மையை சொன்னால், நிச்சயம் இல்லை.

2025 டிசம்பர் தொடக்கத்தில் மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி, அதுவரை நாடு முழுவதும் 42 லட்சத்துக்கும் அதிகமான போன்கள் பிளாக் செய்யப்பட்டன. அதில் 26 லட்சம் போன்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவந்தது. உரியவர்கள் கைக்கு திரும்பியது 7 லட்சத்துக்கும் கொஞ்சம் அதிகம். அதாவது ஆறு பேர் பதிந்தால் ஏறக்குறைய ஒருவருக்கு போன் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் அதிகமான போன்கள் மீட்கப்பட்டன. கர்நாடகமும், தெலுங்கானாவும் தலா 1 லட்சத்துக்கும் மேல் மீட்டு முன்னணியில் நின்றன.

கண்டுபிடித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணம், சாப்ட்வேர் நம்பரை மட்டும்தான் காட்டும். போய் போனை வாங்கி வருவது போலீசார் வேலை. போன் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே ஆள் போக வேண்டும், அல்லது வைத்திருப்பவரை பேசி கொரியரில் அனுப்ப வைக்க வேண்டும். கொலை, கொள்ளை, பந்தோபஸ்து என்று ஓடும் ஸ்டேஷனில் 10 ஆயிரம் ரூபாய் போனுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பிரித்து விற்ற போனும், கடல் கடந்த போனும் இந்த வலையில் சிக்காது. சுவிட்ச் ஆப் செய்து மூலையில் போட்ட போனும் ஆன் ஆகும்வரை சிக்காது.

ஆனால் ஆறில் ஒன்று என்பது புகார் கொடுத்தவர்கள் கணக்கு. கொடுக்காதவர்களுக்கு அந்த வாய்ப்புகூட கிடையாது. இன்னொன்று, நாளைக்கு அந்த போனை வைத்து யாராவது மோசடி செய்தால், "என் போன் அன்றைக்கே திருடு போய்விட்டது" என்று காட்ட அந்த ரசீதுதான் கவசம்.

நம்பரை மாற்றும் கில்லாடிகள்

ஐ.எம்.இ.ஐ. நம்பரை சாப்ட்வேர் போட்டு மாற்றுகிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். 2020-ல் உத்தரபிரதேச மாநிலம் மீரட்டில் போலீஸ்காரர் ஒருவர் ரிப்பேருக்கு கொடுத்து வாங்கிய போன் சரியாக வேலை செய்யவில்லை. சைபர் கிரைம் போலீசார் சோதித்தபோது அதே ஐ.எம்.இ.ஐ. நம்பரில் நாடு முழுக்க 13 ஆயிரத்து 500-க்கும் அதிகமான போன்கள் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்து அதிர்ச்சி அடைந்தனர்.

இதற்கு தண்டனை கடுமை. தொலைத்தொடர்பு சட்டம் 2023-ன்படி, இந்த நம்பரில் கை வைத்தால் 3 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இங்கிலாந்தில் 2002-லேயே இதற்கென்று தனி சட்டம் போட்டு 5 ஆண்டு வரை ஜெயில் என்று வைத்துவிட்டார்கள்.

பழைய போன் வாங்குகிறீர்களா? உஷார்!

திருட்டு போன் கடைசியில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் திருடன் கையில் இருக்காது. "ஊருக்கு போக காசு இல்லண்ணே, 3 ஆயிரம் கொடுங்க போதும்" என்று பஸ் நிலையத்தில் பாவமாக நீட்டிய போனை வாங்கிய அப்பாவி தொழிலாளி கையில்தான் இருக்கும். போலீஸ் போன் வந்ததும் காசும் போகும், போனும் போகும். திருட்டு பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி அதுவே 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு உரிய குற்றம்.

அதனால் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும் முன் ஒரு நிமிடம் செலவழியுங்கள். அந்த போனில் *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. நம்பர் ஸ்கிரீனில் வரும். பிறகு உங்கள் போனில் இருந்து ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தை அடித்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அது என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால் தொடவே வேண்டாம். கருப்பு பட்டியலில் இருக்கிறது, டூப்ளிகேட், ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தாலும் வாங்கக்கூடாது.

பில், பெட்டி இரண்டும் இருந்தால் மட்டுமே வாங்குவது நல்லது. கொடுப்பவரின் அடையாள அட்டை நகலில் ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் வந்தது... எதிர்ப்பும் வந்தது!

இந்த சஞ்சார் சாத்தி ஆப்பை இனி விற்கும் எல்லா போனிலும் கம்பெனியே போட்டு கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ந் தேதி மத்திய தொலைத்தொடர்பு துறை உத்தரவிட்டது. உடனே நாடு முழுக்க பரபரப்பு. "திருடனை பிடிக்கிறோம் என்று சொல்லி மக்களை வேவு பார்க்கவா?" என்று எதிர்க்கட்சிகள் போர்க்கொடி தூக்கின. டிசம்பர் 3-ந் தேதி, திருவண்ணாமலையில் மகா தீபம் ஏற்றப்பட்ட அதே நாளில், மத்திய அரசு அந்த கட்டாயத்தை வாபஸ் வாங்கியது.

இப்போது விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். ஆப் போடாமலே வெப்சைட்டிலும், போலீஸ் ஸ்டேஷனிலும் இந்த வசதியை பயன்படுத்த தடை இல்லை.

தனியாக போய் மாட்டிக்காதீங்க

மேப்பில் போன் இருக்கும் இடம் தெரிந்ததும், நாலு பேரை கூட்டிக்கொண்டு நேராக போகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. மேப் காட்டும் புள்ளி சில வீடுகள் தள்ளியும் இருக்கலாம். சம்பந்தமில்லாத வீட்டு கதவை தட்டி அடிதடியில் முடியலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போலீசாரோடு போவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு மோசடியும் நடக்கிறது. போன் தொலைந்த சில நாளில், "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கை அழுத்தி பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று மெசேஜ் வரும். அனுப்புவது திருட்டு கும்பல்தான். பூட்டை திறக்க சாவி கேட்கிறார்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. இரண்டையும் யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது

போன் தொலைந்த பிறகு ஐ.எம்.இ.ஐ. நம்பரை எங்கே தேடுவது? பெட்டியை பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பார்கள். பில்லை பார்த்தால் வெள்ளையாக அழிந்துபோயிருக்கும். ஜி-மெயில் பாஸ்வேர்டு போன் கடை பையனுக்குத்தான் தெரியும். பலர் முதல் படியிலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

எனவே இந்த செய்தியை படித்து முடித்ததும் *#06# அழுத்துங்கள். வரும் நம்பரை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலோ, பாங்கி பாஸ்புக் பின் அட்டையிலோ எழுதி வையுங்கள். பில்லை போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன் லாக் போடுங்கள். சிம்முக்கும் பின் நம்பர் போடலாம். ஜி-மெயில் பாஸ்வேர்டை நீங்களே போட்டு, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி வைத்திருக்கும் பட்டன் போன் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த இளநீர் கடைக்கார பெண்ணிடம் அப்படி எழுதி வைத்த ஒரு துண்டு சீட்டு இருந்தால், விடிவதற்குள் பேங்க் பணம் பத்திரமாகிவிடும். மறுநாள் போன் பிளாக் ஆகிவிடும். என்றைக்காவது யாரோ ஒருவர் அந்த போனில் சிம் போடும்போது தகவல் போலீசாருக்கு போகும். இறந்துபோன அப்பாவின் போட்டோ திரும்பி வர ஒரு வழி திறந்திருக்கும்.

அடுத்த பவுர்ணமிக்கு கிரிவலம் கிளம்பும் முன் வீட்டை பூட்டினோமா என்று ஒரு தடவை பார்ப்பது போல, இந்த 15 இலக்க நம்பரை எழுதி வைத்தோமா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.